சோலைக்காட்டுக்குக் கிளம்பும் முன்: பெங்களூர்க்காரர்கள் செய்கிற தவறுகள்

சில வருஷங்களுக்கு முன்னால் அல்சூரில் எங்கள் தெருவிலிருந்து 11 பேர் ஒரு டெம்போ டிராவலர் பிடித்து, ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவலாஞ்சிக்குப் போனோம். போய் இறங்கியபோது பத்தடி தள்ளி நின்ற ஆள் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. “பனி விலகட்டும், அப்புறம் போகலாம்” என்று எல்லோரும் திரும்ப வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டோம். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பனி விலகவில்லை. காட்டுக்குள் கால் வைக்காமலே திரும்பி வந்தோம்.

அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் எது விலக வேண்டும் என்று காத்திருந்தோமோ, அதைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் இருக்கும் சோலைக்காடுகள் மேகக்காடுகள். மேகம் வந்து மரத்தின் மேலேயே உட்காருகிற உயரத்தில் வளர்பவை. சோலை என்பது நம் சொல். உலகத்தில் எந்த நாட்டு ஆராய்ச்சியாளர் இந்தக் காட்டைப் பற்றி எழுதினாலும் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். மரங்கள் உயரமாக இருக்காது. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, மேலிருந்து பார்த்தால் காலிஃபிளவர் பூ மாதிரி உருண்டு திரண்டு நிற்கும். அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பாசி, பெரணி, ஆர்க்கிட். மேகம் அதன் வழியாக நகரும்போது அந்தப் பாசியும் இலைகளும் வடிகட்டி மாதிரி அதிலிருக்கும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. துளி சேர்ந்து கீழே சொட்டுகிறது. மழை பெய்யாத நாளிலும் காடு இப்படித் தண்ணீர் குடிக்கும். தரையில் மட்கிக் கிடக்கும் இலைப் படுகை அதைப் பஞ்சு போல வாங்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுகிறது. சுற்றியுள்ள மலைகள் காய்ந்து கிடக்கும் கோடையிலும் சோலையிலிருந்து இறங்கும் ஓடையில் தண்ணீர் வருவது இதனால்தான்.

இதை நான் கண்ணால் பார்த்தது அம்மாவோடு கோத்தகிரி லாங்வுட் சோலைக்குப் போனபோது. பாதையில் நடந்துகொண்டிருந்தோம். மரத்தடிக்குள் நுழைந்ததும் அம்மா, “மழை வந்துடுச்சு, குடையை எடுடா” என்றார். எடுத்தேன். நாலு அடி பின்னால் வந்து திறந்த இடத்தில் நின்றால் மழையே இல்லை. மறுபடி மரத்தடிக்குப் போனால் சொட்டுகிறது. அம்மா குடையை மடக்கச் சொல்லிவிட்டு, பாசி தொங்கிய ஒரு கிளைக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினார். பாசியின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி ஊறி, பருத்து, கனம் தாங்காமல் விழுந்தது. ஒன்று விழுந்ததும் அடுத்தது ஊற ஆரம்பிக்கும். கையில் ஒரு மடக்கு சேரும்வரை அப்படியே நின்றார்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: மூடுபனி வந்தால் திரும்பி வராதீர்கள். உள்ளே போங்கள்.

அடுத்தது, எந்தக் காட்டுக்குப் போகிறோம் என்பதிலேயே நடக்கிற தவறு. ஊட்டி போய்வந்தவர்களின் போட்டோக்களில் நேர் நேராக உயர்ந்து நிற்கும் மரங்களுக்கு நடுவே எடுத்த படம் கட்டாயம் இருக்கும். “காட்டுக்குப் போனோம்” என்பார்கள். அது பைன் தோப்பு. மனிதர்கள் நட்டது. பைன், தைலமரம், சீகை (வாட்டில்) என்று வெளிநாட்டு மரங்களை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நீலகிரியில் நட்டு வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவற்றுக்கு இடம் கொடுத்தது அங்கேயே இருந்த புல்வெளிகள். தேயிலைத் தோட்டமும் அப்படித்தான். பச்சையாக இருப்பதால் அது காடாகிவிடாது.

வித்தியாசம் தெரிந்துகொள்வது சுலபம். பைன் தோப்பின் தரையைப் பாருங்கள். காய்ந்த ஊசி இலைகள் மட்டும்தான் கிடக்கும், அடியில் வேறு செடிகள் அதிகம் இருக்காது. சோலையில் தரையே தெரியாது. நாலு பக்கமும் புல்வெளி, நடுவில் மலை மடிப்புக்குள் மட்டும் கரும்பச்சையாக ஒரு திட்டு இருந்தால் அது சோலை. புல்வெளியில் முளைக்கிற மரக்கன்றுகளை உறைபனி கருக்கிவிடுகிறது, மடிப்புக்குள் இருப்பவை தப்பிக்கின்றன என்பது இந்த அமைப்புக்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம். புல்வெளியை ‘மொட்டை மலை’ என்று நினைத்து மேலே ஏறி மிதிப்பதும், வண்டியை ஏற்றுவதும் பெரிய தவறு. சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் ஒரே காடு. வரையாடு மேய்வது அந்தப் புல்வெளியில்தான்.

சரி, எங்கே போவது? பெங்களூரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு நான் சொல்வது லாங்வுட் சோலை. கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே, 116 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வயதானவர்களும் குழந்தைகளும் நடக்கலாம். ஊட்டிக்குப் பக்கத்திலேயே வேண்டுமென்றால் கெய்ர்ன் ஹில். மலை ஏறும் தெம்பு இருப்பவர்களுக்குக் கர்நாடகத்திலேயே குதிரேமுக் இருக்கிறது. 1987-இல் தேசியப் பூங்காவான இடம். உச்சநீதிமன்ற உத்தரவால் அங்கிருந்த இரும்புத்தாதுச் சுரங்கம் 2005 இறுதியில் மூடப்பட்டது. மூணாறு பக்கம் போகிறவர்களுக்கு இரவிகுளம் தேசியப் பூங்கா. ஆனைமுடி சிகரம், 2,695 மீட்டர், அதற்குள் இருக்கிறது.

இப்போது வழிக்கு வருகிறேன். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் விட்டு, கெங்கேரி தாண்டவே ஏழாகி, மைசூரு போக ஒன்பதாகி, குண்டுலுபேட்டைக்குப் போனால் சோதனைச்சாவடி மூடியிருக்கும். பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. 2009-லிருந்து இருக்கிற விதி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை காரிலேயே தூங்குகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். திம்பம் மலைப்பாதை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால் அங்கேயும் இரவில் தடை. ஆகவே வெள்ளி இரவு மைசூரிலோ குண்டுலுபேட்டையிலோ தங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சனிக்கிழமை விடிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். கோத்தகிரிதான் இலக்கு என்றால் ஓசூர், சேலம், மேட்டுப்பாளையம் வழியே போகலாம். தூரம் கூடினாலும் அந்த வழியில் இந்தத் தடை இல்லை.

பைக்கில் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோடுதான், அதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப் மசினகுடி, கல்லட்டி வழியைக் குறுக்குவழியாகக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வழியாக வெளியூர் வண்டிகளை ஊட்டியிலிருந்து இறங்க விடுவதில்லை.

அனுமதி விஷயத்தில் “போய்ப் பார்த்துக்கலாம்” என்ற பேச்சே வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் வேண்டாம். மலையேற்றப் பாதைகளுக்கு அது போதாது, வனத்துறையின் அனுமதி தனி. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு யாரோ ஒருவரின் வாட்ஸாப் குழுவை நம்பிக் காட்டுக்குள் போவதை நான் அடியோடு விட்டுவிட்டேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்திருக்கிறது. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். குதிரேமுக்குக்கும் ஆன்லைன் பதிவு கட்டாயம், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. ஒரு முறை நாங்கள் தங்கிய விடுதியில் “பர்மிஷன் எல்லாம் வேண்டாம் சார், நம்ம பையன் கூட்டிட்டுப் போவான்” என்றார்கள். அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பையன் கூட்டிப் போவது காப்புக்காட்டுக்குள். பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல்தான்.

எப்போது போவது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பிப்ரவரி, மார்ச்சில் வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் இரவிகுளத்தை மூடிவிடுவார்கள். அதைத் தெரியாமல் மூணாறில் ரூம் போட்டுவிட்டுப் பூங்கா வாசலில் நிற்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. கோடையின் தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளும் மூடப்படும். தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சிப் பக்கம் போக நினைத்தால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. பெங்களூரில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 970. மண் சரியும், மரம் விழும், சாலை அடைபடும். மழை சற்று ஓய்ந்த செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் எனக்குப் பிடித்த நேரம். டிசம்பர், ஜனவரியும் நல்லதுதான், ஆனால் விடிகாலையில் புல்மேல் உறைபனி உப்பு தூவினாற்போல் கிடக்கும். பெங்களூர் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர் தாங்காது.

குறிஞ்சிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூணாறில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. 12 வருஷச் சுற்று ஒவ்வொரு மலைக்கும் வேறு வருஷத்தில் வரும். சிக்கமகளூரு பக்கம் 2022-இல் பூத்தது அப்படித்தான். இதுபோக, குறிஞ்சி வகையிலேயே வேறு பல செடிகள் வேறு இடைவெளிகளில் பூக்கும். அதனால் வருஷா வருஷம் வாட்ஸாப்பில் வரும் ‘குறிஞ்சி பூத்தது’ படத்தைப் பார்த்துவிட்டு லீவு போடாதீர்கள்.

உடுப்பில் நடக்கும் முதல் தவறு ஜீன்ஸ். நனைந்தால் காயாது, கனக்கும், குளிரும். சீக்கிரம் காய்கிற பேண்ட், ரெயின்கோட், பிடிமானமுள்ள ஷூ, இரண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ் போதும். குதிரேமுக் பக்கம் மழைக்காலத்தில் அட்டை அதிகம். கடித்தால் பயந்து பிய்த்து எடுக்க வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். அதன் மெலிந்த நுனிதான் வாய். அங்கே நகத்தை மெதுவாக உள்ளே செருகித் தள்ளினால் பிடி விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். உறையவிடாத ஒரு பொருளை அது விட்டுவிட்டுப் போவதால்தான். கழுவித் துடைத்துக் கட்டினால் சரியாகிவிடும்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்கள். குரங்குக்கு எதுவும் கொடுக்காதீர்கள். ப்ளூடூத் ஸ்பீக்கர் வீட்டிலேயே இருக்கட்டும். சோலைப் பறவைகள் பெரும்பாலும் இலைக்கூட்டத்துக்குள்ளேயே இருப்பவை, காதால்தான் முதலில் தெரியும். பாட்டு போட்டால் ஒன்றும் கிடைக்காது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போனால் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அது அவர்கள் வீடு, அவர்கள் கோயில். கிளம்பும் முன்னால் ஷூவின் அடியைக் கழுவிவிடுங்கள். நம் காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனிய விதை அதில் ஒட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டாம்.

கடைசித் தவறு இரண்டு நாளில் ஏழு இடம். பைக்காரா, தொட்டபெட்டா, போட் ஹவுஸ், சாக்லேட் கடை, நடுவில் ‘அரை மணி நேரம் காடு’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கண் அந்த இருட்டுக்கே பழகாது. ஒரு நாள் முழுக்க ஒரே சோலைக்குக் கொடுங்கள். ஞாயிறு மாலை திரும்புகிற திட்டமும் இதில் சேர்த்தி. ஒன்பது மணிக்குள் பந்திப்பூரைத் தாண்ட வேண்டும் என்ற பதற்றத்தில் மதியமே மூட்டை கட்டிவிடுவோம். நாங்கள் இப்போது திங்களுக்கு லீவு கிடைத்தால்தான் கிளம்புகிறோம். போன முறை அந்தத் திங்கள் காலை லாங்வுட்டில் நானும் அம்மாவும் வழிகாட்டியும் மட்டும்தான். மூடுபனிக்குள்ளிருந்து நீலகிரிச் சிரிப்பான் என்கிற பறவை ஒன்று உரக்கக் கூவியது, எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. இரண்டும் கடைசி வரை கண்ணில் படவில்லை. அம்மா வாயில் விரலை வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.