லோக்கலா, லாங்கா? புதிதாக லாரி ஏறுபவர்கள் செய்யும் தவறுகள்

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே இரண்டு பக்கமிருந்தும் ஆள் அனுப்புவார்கள். ஒருவருக்கு ராமநாதபுரம் ஜில்லா வாலிநோக்கத்திலிருந்து மதுரை, திண்டுக்கல் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிக்கு டிரைவர் வேண்டும். இன்னொருவர் பத்துச் சக்கர நேஷனல் பெர்மிட் வண்டியின் சாவியைக் காட்டி, "பம்பாய், நாக்பூர் எல்லாம் பார்க்கலாம் தம்பி, டிரிப்புக்கு இவ்வளவு தர்றேன்" என்பார். கீழக்கரை, உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துப் பையன்கள் என்னிடம் வந்து, "அண்ணே, லோக்கல் போகவா, லாங் போகவா?" என்று கேட்பார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். முதல் தவறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது என்பேன். லோக்கல், லாங் என்பதெல்லாம் தூரத்துக்கு வைத்த பெயர். வேலை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. என்ன லோடு, எந்த நேரத்தில் கிளம்பணும், எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கணும், கூலி எதன்மேல் கணக்கு, கூட யார் வருவார் என்று கேளுங்கள். இதையெல்லாம் கேட்காமல் சாவியை வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"லோக்கல்தானே" என்ற வார்த்தை

நம் கடற்கரையில் அதிகம் கேட்கும் வார்த்தை இது. லோக்கல் என்றால் ராத்திரி வீட்டில் படுக்கலாம் என்று நினைத்துத்தான் பல பேர் மீன் வண்டி ஏறுகிறார்கள். மீன் வண்டி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ராமேஸ்வரம், மண்டபத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். காலையில் போன படகு மறுநாள் காலையில் கரைக்கு வரும். அப்புறம் தரம் பிரித்து, விலை பேசி, ஐஸ் உடைத்துப் பெட்டியில் அடுக்கி முடிக்கும்போது பொழுது சாயும். கேரள மார்க்கெட்டில் விடிவதற்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும். அதாவது உங்கள் ஓட்டம் முழுவதும் ராத்திரியில்தான். பகலில் துறையில் காத்திருந்த களைப்போடுதான் அந்த ராத்திரியைத் தொடங்குவீர்கள். மறுநாள் வண்டி ஊருக்குத் திரும்பிவிடுகிறது என்பதால் இதற்கும் லோக்கல் என்றே பெயர்.

அடுத்தது, வருடம் முழுக்க ஒரே மாதிரி லோடு இருக்கும் என்று நம்பிவிடுவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருக்கும், ஆனால் விசைப்படகை நம்பி ஓடும் பெரிய வண்டிகளுக்கு வேலை குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தில் உற்பத்தி கிடையாது, குவித்து மூடி வைத்த உப்புதான் நகரும். மாசியிலிருந்து சித்திரை வரை முண்டு மிளகாய் வரும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. சீமைக்கருவேலங்கரி மழை போக மற்ற மாதங்களில் எல்லாம் இருக்கும். டிரிப் கூலிக்கு மீன் வண்டி ஏறுகிறீர்கள் என்றால், "தடைக்காலத்தில் எனக்கு என்ன?" என்று சேரும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்த இரண்டு மாதம் வண்டியை மிளகாய்க்கோ கரிக்கோ விடும் முதலாளி இருக்கிறார். ஷெட்டில் நிறுத்திவிட்டு, "தடை முடியட்டும், கூப்பிடுறேன்" என்பவரும் இருக்கிறார். முன்னவரிடம் கூலி கொஞ்சம் குறைந்தாலும் அங்கேயே சேருங்கள்.

உப்பு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏனென்றால் புதியவர்கள் பார்க்காமல் விடும் இடம் அது. உப்பும் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் தண்ணீரும் வண்டியை அடியிலிருந்து தின்னும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். சாவி வாங்குவதற்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். பிரேக் பைப்பைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அப்பளம் மாதிரித் துரு உரிந்து வந்தால் அந்தப் பைப்பை நம்பி ஓட்டக் கூடாது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறிப் பட்டை வீங்கியிருக்கிறதா, சேசிஸில் போல்ட் தலை கரைந்திருக்கிறதா, பேட்டரி எர்த் வயர் முனை பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். லோடு இறக்கியதும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவணும். நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு என்ன பாடு என்று தெரியும், அதனால்தான் பல ஷெட்டுகளில் கழுவுவதே இல்லை. மதுரை, பரமக்குடிப் பக்கம் லோடு இறக்கும் ஊரிலேயே வாட்டர் சர்வீஸ் விட முதலாளி காசு கொடுப்பாரா என்று கேளுங்கள். அவர் வண்டியை எப்படி வைத்திருக்கிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

லைசென்ஸ் விஷயத்திலும் "லோக்கல்தானே" வரும். மொத்த எடை 7,500 கிலோ வரைக்குமான சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்தது. குட்டி யானை ஓட்டும் தம்பிகளுக்கு அது நல்ல செய்தி. அதற்கு மேல் உள்ள வண்டிக்கு அது செல்லாது. உப்பளத்திலிருந்து மெயின் ரோடு வரைக்கும்தான் என்று சொல்லிப் பத்துச் சக்கர வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்தத் தூரத்தில் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது உங்கள் லைசென்ஸைத்தான்.

பாம்பன் பாலத்தைக் கடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1988-இல் திறந்த ரோட்டுப் பாலம், இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆனி, ஆடிக் காற்றில் காலிப் பெட்டியோடு வரும் உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். லோடு இருக்கும்போது தெரியாது, காலியாகத் திரும்பும்போதுதான் தெரியும். புது ரயில் பாலம் வந்த பிறகு அதைப் பார்க்கவென்று பாலத்தின் நடுவிலேயே காரை நிறுத்துகிறார்கள். வேகத்தைக் குறைத்து இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

லாங்கில் பணம் எங்கே போகிறது

டிரிப்புக்கு இவ்வளவு என்று கேட்டவுடன் மனம் அதை மாதச் சம்பளத்தோடு ஒப்பிடும். நாள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். வடக்கே ஒரு டிரிப்புக்கு 12,000 ரூபாய் பேட்டா. போக 5 நாள், அங்கே ரிட்டர்ன் லோடுக்கு 4 நாள் காத்திருப்பு, வர 5 நாள், ஆக 14 நாள். ஒரு நாள் சாப்பாடு, டீ, குளியலுக்கு 350 ரூபாய் என்றால் 4,900 போய்விடும். மிச்சம் 7,100, அதாவது நாளுக்கு 507 ரூபாய். ஊரில் நாளுக்கு 700 வாங்கிக்கொண்டு வீட்டுச் சோறு தின்பவரை விட இது குறைவு. அதே டிரிப் காத்திருப்பு இல்லாமல் 10 நாளில் முடிந்தால் நாளுக்கு 850. ஆக, காத்திருக்கும் நாள்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ரிட்டர்ன் லோடு யார் பேசுவார், லோடுக்காக வண்டி நின்று ஹால்டிங் ஆனால் டிரைவருக்கு நாள் பேட்டா உண்டா, டீசல் மைலேஜ் குறைந்தால் பிடித்தம் உண்டா என்று கேட்டு, பதிலை நோட்டில் தேதி போட்டு எழுதி, அவர் கண் முன்னாலேயே படித்துக் காட்டுங்கள். என்னுடைய மூன்றாவது டிரிப்பில் டீசல் குறைந்தது என்று பேட்டாவில் பாதிக்கு மேல் பிடித்தார்கள். லோடு அளவுக்கு மேல் ஏற்றினால் டீசல் குடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாததா? பேச்சு வாய் வார்த்தையாகவே இருந்தது, நான் எதையும் காட்ட முடியவில்லை.

அதிக லோடு என்றதும் ஞாபகம் வருகிறது. பத்துச் சக்கர வண்டிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 28.5 டன். அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 சேரும். அபராதம் முதலாளி கட்டுவார், சரி. ஆனால் இதற்காக லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினால் அந்த மூன்று மாதச் சோறு யார் போடுவது? எடை போட்ட சீட்டு இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கரி லோடு ஏற்றினால் இன்னொன்று. விறகை மூடி எரிக்கும் மூட்டத்திலிருந்து எடுத்துச் சரியாக ஆறாத கரி மூட்டைக்குள் கனன்றுகொண்டே வரும். தார்ப்பாய் கட்டும் முன் மூட்டைகளின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

காகிதத்தில் ஈ-வே பில்லை, அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் சீட்டை, மட்டும் சொல்கிறேன். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்குக் காலக்கெடு உண்டு. வழியில் பிரேக் டவுன் ஆகி நின்றால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னிருந்து முடிந்த 8 மணி நேரம் வரை நீட்டிக்கலாம், அதனால் வண்டி நின்ற உடனே ஆபீசுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.

மேடு பார்க்காத ஊர்க்காரர்கள்

நம் ஜில்லாவில் மலை ரோடு கிடையாது. கண்மாய்க் கரையும் ரயில்வே மேம்பாலமும்தான் நமக்கு மேடு. இரண்டு வருடம் இங்கே ஓட்டியவர் கீழக்கரைத் தெருவுக்குள் வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிடுவார், லோடு வண்டியை இறக்கத்தில் இறக்கியிருக்க மாட்டார். நானும் அப்படித்தான் போனேன்.

பெங்களூரிலிருந்து இரும்புக் குழாய் ஏற்றித் திரும்பும்போது, ராத்திரி மூன்று மணிக்குத் தொப்பூர் இறக்கம். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் எத்தனையோ வண்டிகளைக் காவு வாங்கிய இடம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யாரோ சொன்னது மண்டையில் இருந்தது. கியரை எடுத்துவிட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து வந்தேன். கொஞ்ச தூரத்தில் துணி கருகுகிற மாதிரி ஒரு வாடை. பெடலில் கால் முழுக்க இருக்கிறது, வண்டி மட்டும் கேட்கவில்லை. பின்னால் படுத்திருந்த பாய் அந்த வாடைக்கே எழுந்துவிட்டார். கீழக்கரைக்காரர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். கத்தவில்லை. "ரேஸ் கொடுத்து நாலுல போடுப்பா. இப்ப மூணு. அவசரப்படாதே" என்று ஒவ்வொரு கியராக இறக்க வைத்தார். வண்டி முனகிக்கொண்டு வேகம் குறைந்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின் சக்கரங்களிலிருந்து புகை. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் கையைப் பிடித்து நிறுத்தினார், காய்ந்த டிரம்மில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும் என்று. ஆறும் வரை இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில், தேவைப்பட்டால் அதற்கும் ஒன்று கீழே, இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக்குக்குக் காற்றும் ஏறாது, ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இதை வாயால் சொல்லிக் கற்பிக்க முடியாது, பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வரும். முதல் ஆறு மாதம் லாங் டிரிப் தனியாகப் போகாதீர்கள். தனி டிரைவர் என்றால் பேட்டா கூடத் தருகிறேன் என்பார்கள், வேண்டாம்.

அன்று ராத்திரி நான் அப்படி ஓட்டியதற்குத் தூக்கமும் ஒரு காரணம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் மது இருப்பவரின் கவனத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சட்டம் அனுமதிக்கும் எல்லையே 30 மில்லிகிராம்தான். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் சட்டம் வைத்த வேலை நேரம். நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்று ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அதனால் ராத்திரி இரண்டிலிருந்து ஐந்து வரை வண்டி நிற்கும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத இடத்தில் வேலை வேண்டாம். பாட்டு போடுவதும், ஜன்னலைத் திறப்பதும், பான் மசாலாவும் தூக்கத்தைத் தள்ளாது. இருபது நிமிடம் ஓரம் கட்டிப் படுப்பது தள்ளும்.

லோக்கலோ லாங்கோ, இரண்டு வேலையைச் செய்யப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். முதலாளி எடுக்கும் 15 லட்ச ரூபாய் விபத்து காப்பீடு சொந்தமாக ஓட்டும் ஓனருக்குத்தான், சம்பள டிரைவருக்கு அது வராது. பாலிசியில் சம்பள டிரைவருக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்திலும் பதிந்துவிடுங்கள். பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் உதவித்தொகை உண்டு.

என் அக்கா மகன் இப்போது உப்பு வண்டியில் இருக்கிறான். தை வந்தால் ஒரு வருடம். மழையில் கரை ரோட்டில் வண்டி புதைந்து எடுத்ததிலிருந்து மிளகாய் சீசன் வரை எல்லாம் பார்த்துவிட்டான். அடுத்து ஓசூருக்கு ஒரு பெரியவரோடு இரண்டாம் டிரைவராகப் போகிறான். அவரிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருக்கிறேன். போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் ஸ்டியரிங்கை அவனிடம் கொடுங்கள், வரும்போது இறக்கத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் போடும் கியரை எண்ணட்டும்.