கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் முதல் கணிதப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி

கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில், அதாவது இரண்டு ஆண்டுகள் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் கல்லூரியில், சேரும் மாணவர் பதிவு செய்யும் பாடங்களில், அடுத்த இரண்டு ஆண்டுகளின் போக்கை மிகுதியாகத் தீர்மானிப்பது கணிதப் பாடம்தான். பலர் பள்ளியில் கடைசியாக எதைப் படித்தோம் என்று பார்த்து, அதற்கு அடுத்ததில் சேர்ந்துவிடுகிறார்கள். அது தலைகீழான வழி. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த முதன்மைப் பாடத்துக்கு மாற விரும்புகிறோம் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிவந்தால்தான் முதல் செமஸ்டரில் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரியும்.

2017-இல் நிறைவேறிய ஏபி 705 (அசெம்பிளி பில் 705) என்ற மாநிலச் சட்டத்துக்கு முன்பு, சேர்க்கையின்போது எழுதிய ஒரு தகுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடிப்படை இயற்கணித வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டு, பல்கலைக்கழகம் ஏற்கும் பாடத்தை எட்டவே இரண்டு மூன்று செமஸ்டர்களைச் செலவிட்டார்கள். பலர் எட்டாமலே நின்றுவிட்டார்கள். இப்போது அந்தத் தேர்வு இல்லை. பள்ளி மதிப்பெண் சராசரியையும் படித்த பாடங்களையும் கொண்டு, ஓராண்டுக்குள் பல்கலைக்கழகத் தரக் கணிதத்தை முடிக்கும் வாய்ப்பு எதில் அதிகமோ அதில் மாணவரைச் சேர்ப்பது கல்லூரியின் கடமை. 2022-இல் வந்த ஏபி 1705 சட்டம் இதை மேலும் இறுக்கியது. எனவே கீழ்நிலை வகுப்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பழைய அச்சத்துக்கு இடம் குறைவு. தவறான கிளையில் ஏறிவிடுவதுதான் இன்றைய சிக்கல்.

கிளைகள் முக்கியமாக இரண்டு. உளவியல், சமூகவியல், செவிலியம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் புள்ளியியல் போதும். பொறியியல், கணினி அறிவியல், இயற்பியல், பொருளியல் ஆகியவற்றுக்குக் கால்குலஸ் (நுண்கணிதம்) வேண்டும். உயிரியல் மாணவர்கள் தங்களுக்குக் கணிதம் அதிகம் தேவையில்லை என்று நினைப்பதுண்டு. பல வளாகங்கள் அவர்களிடமும் கால்குலஸ் கேட்கின்றன. இதை ஊகிக்க வேண்டியதில்லை. அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் உங்கள் கல்லூரியையும், மாநிலத்தின் இரு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யூசி, கால் ஸ்டேட் ஆகியவற்றில் செல்ல விரும்பும் வளாகத்தையும், முதன்மைப் பாடத்தையும் தேர்ந்தெடுத்தால், அங்குள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் இங்குள்ள எந்தப் பாடம் ஈடாகும் என்ற பட்டியல் வரும். குறைந்தது மூன்று வளாகங்களுக்காவது பார்த்து, அவற்றில் மிக அதிகமாகக் கேட்கும் வளாகத்துக்கு ஏற்பத் திட்டமிடுவது நல்லது.

பொறியியலுக்குச் செல்பவர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியது இது. முதல் கால்குலஸ், இரண்டாம் கால்குலஸ், பலமாறி கால்குலஸ், அவற்றோடு நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். முதல் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். இலையுதிர் பருவத்தில் முதல் கால்குலஸில் தொடங்கினால் நான்கு செமஸ்டர்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். கால்குலஸுக்கு ஆயத்தப் பாடமான பிரீகால்குலஸில் தொடங்கினால் ஒரு படி கூடி, ஒரு கோடை வகுப்பையாவது எடுக்க நேரும். தாமதம் கணிதத்தோடு நிற்பதில்லை. கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலில் சேர முதல் கால்குலஸ் தேவை என்பதால் இயற்பியல் வரிசையும் சேர்ந்தே பின்தள்ளப்படுகிறது.

ஆகவே அறிவியல், பொறியியல் மாணவர்கள் இயன்றால் நேரடியாகக் கால்குலஸிலேயே தொடங்க வேண்டும். ஏபி 1705-இன் திசையும் அதுவே. தயாரா என்று அறிய, கணிப்பான் இல்லாமல் உட்கார்ந்து சிலவற்றைச் செய்து பாருங்கள்: பகுதியில் மாறிகள் உள்ள இரண்டு பின்னங்களைக் கூட்டிச் சுருக்குவது, 30 பாகையின் சைன் மதிப்பைச் சொல்வது, மாறி அடுக்கில் இருக்கும் சமன்பாட்டை மடக்கையால் தீர்ப்பது, ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பைப் பொருத்துவது. கால்குலஸில் தடுமாறுபவர்களில் பலர் வகையிடலில் தடுமாறுவதில்லை. வகையிட்ட பிறகு வரும் இயற்கணிதத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஓரிரண்டு மட்டும் மறந்திருந்தால், கால்குலஸோடு சேர்த்து நடத்தப்படும் துணை வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் சில மணி நேரம் கூடும், செமஸ்டர் மிச்சமாகும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் கணிதம் படித்து, பல ஆண்டுகளுக்குப் பின் இங்கே மீண்டும் படிக்க வருபவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்கப் பள்ளி மதிப்பெண் இல்லாதவர்கள் தம் நிலையைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ள உதவும் வினாநிரல் கல்லூரிகளில் உண்டு. வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் முன்பே படித்திருப்பதால் அதில் தன்னடக்கத்தோடு பதிலளித்துக் கீழே இறங்க வேண்டியதில்லை. ஒரு மாதம் முக்கோணவியலைத் தூசி தட்டிவிட்டுக் கால்குலஸில் சேரலாம்.

புள்ளியியல் எளிது என்று எண்ணி எடுப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அங்கே கணக்கைப் பெரும்பாலும் டிஐ-84 போன்ற கணிப்பானோ மென்பொருளோ செய்துவிடும்; தரவு எப்படித் திரட்டப்பட்டது, முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று முழு வாக்கியங்களில் எழுதுவதற்குத்தான் மதிப்பெண். சூத்திரத்தை மனப்பாடம் செய்து பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய பாடங்களும் உள்ளன. பிசினஸ் கால்குலஸ் வணிகப் படிப்புகள் பலவற்றுக்கு ஏற்றது. ஆனால் அதிலிருந்து இரண்டாம் கால்குலஸுக்குப் போக முடியாது, சில வளாகங்கள் வணிகத்துக்கும் பொருளியலுக்கும் முழுக் கால்குலஸையே கேட்கும். காலேஜ் அல்ஜீப்ராவில் முக்கோணவியல் இல்லாததால், அது மட்டும் கால்குலஸுக்குப் போதிய ஆயத்தமாகாது. பள்ளியில் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (AP) எனும் கல்லூரித் தரக் கால்குலஸ் தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு யூனிட், அதாவது பட்டத்துக்கான பாட அலகு, கிடைக்கும். அது எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை, சேரவிருக்கும் வளாகத்தின் அட்டவணையில் பார்த்துவிட்டே படிகளைத் தாண்ட வேண்டும்.

டி ஆன்சா, ஃபுட்ஹில் ஆகிய கல்லூரிகள் காலாண்டு முறையில் நடப்பதால், மற்றக் கல்லூரிகளில் மூன்று செமஸ்டரில் முடியும் கால்குலஸ் வரிசை அங்கே நான்கு பாடங்களாகப் பிரிந்திருக்கிறது. பாதியில் கல்லூரி மாறினால் சில தலைப்புகள் இருமுறை வரும், சில விடுபடும். ஒரே கல்லூரியில் வரிசை முழுவதையும் முடிப்பதே நல்லது.

முதன்மைப் பாடத்தை இன்னும் முடிவு செய்யாதவர் என்ன செய்வது? அறிவியலோ பொருளியலோ படிக்கும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால் கால்குலஸ் கிளையிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. புள்ளியியலை எந்தச் செமஸ்டரிலும் சேர்த்துக்கொள்ளலாம். கால்குலஸ் வரிசையைப் பின்னால் சுருக்க முடியாது.

தேர்வு சரியில்லை என்று வகுப்பு தொடங்கிய பின் தெரிந்தால், முதல் சில வாரங்களுக்குள் விலகினால் மதிப்பெண் சான்றிதழில் எதுவும் பதியாது. அந்தக் கடைசி நாள் கல்லூரி நாட்காட்டியில் இருக்கும். அதற்குப் பின் விலகினால் டபிள்யூ (விலகியவர் என்ற குறி) என்று பதிவாகும். பொதுவாக ஒரு பாடத்தை மூன்று முறைதான் எடுக்கலாம் என்பதால் அதுவும் ஒரு முறையாகக் கணக்கில் சேரும். சி கிரேடு வாங்கிய பாடத்தை, கிரேடை உயர்த்துவதற்காக மறுபடி எடுக்க அனுமதி இல்லை. முதல் தேர்வின் விடைத்தாள் விலகல் நாளுக்கு முன்பே கைக்கு வருமா என்று பேராசிரியரிடம் முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள். வராது என்றால் வீட்டுப்பாட மதிப்பெண்களை வைத்து அந்த நாளுக்குள் கல்லூரியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலரைச் சந்தியுங்கள்.