மூன்றே கயிறுகள்: காற்றுக்கு ஏற்றபடி லேசர் பாயைச் சரிசெய்வது எப்படி?

ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு பாய்மரப் படகான லேசருக்கு இப்போது ஐஎல்சிஏ என்று பெயர். வாயில் வருவது என்னவோ லேசர்தான். இதில் மாஸ்ட்டை, அதாவது பாய்மரத்தை, இழுத்துப் பிடிக்கும் கம்பிகளே கிடையாது. இரண்டு குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, பாயை உறைபோல மாட்டி, படகில் நட்டுவிட வேண்டியதுதான். அதனால் காற்றுக்கேற்பப் பாயை மாற்றும் வேலை அவுட்ஹால், கன்னிங்ஹாம், வேங் என்று மூன்று கயிறுகளோடு முடிந்துவிடுகிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டியதும் இந்தப் படகுதான், 5.76 சதுர மீட்டர் பாயோடு. அவர் இழுத்ததும் இதே மூன்றைத்தான்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வெண்நுரையே இல்லையென்றால் மென்காற்று, சுமார் 5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). அங்கங்கே நுரை தெரிந்தால் நடுத்தரக் காற்று, 10 நாட்டை ஒட்டி. எங்கும் நுரையாக இருந்தால் பலத்த காற்று, 15-க்கு மேல். கோடையில் காலையில் அசையாமல் கிடக்கும் கடல், மதியம் கடற்காற்று ஏறியதும் ஆளே மாறிவிடும். கரையில் வைத்த அளவு கடைசிவரை செல்லும் என்று நம்பாதீர்கள்.

2. அவுட்ஹால்

பாயின் அடியில் கிடையாக நீளும் கம்புதான் பூம். பாயின் பின்மூலையை அதன் நுனிக்கு இழுக்கும் கயிறு அவுட்ஹால். பாயின் வயிறு எவ்வளவு பெருக்கலாம் என்பதை இது முடிவுசெய்கிறது. பூமின் நடுவில், பூமுக்கும் பாயின் அடிவிளிம்புக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளக்கலாம். நடுத்தரக் காற்றில் கட்டைவிரலை நீட்டிய முஷ்டி அளவு. பலத்த காற்றில் நான்கு விரல் போதும். மென்காற்றில் வயிறு பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் வலுவில்லாத காற்று அவ்வளவு வளைவைச் சுற்றிவர முடியாமல் பாயைவிட்டு விலகிவிடும். நடுத்தர அளவைவிடக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

3. கன்னிங்ஹாம்

பாயின் முன்விளிம்பைக் கீழே இழுத்து இறுக்கும் கயிறு இது. மென்காற்றில் தொடவே வேண்டாம். முன்விளிம்பில் சுருக்கம் விழும், விழட்டும். இஸ்திரி போட்ட சட்டையா என்ன? நடுத்தரக் காற்றில் சுருக்கம் மறையும் வரை மட்டும். பலத்த காற்றில் பாயிலுள்ள வளையம் பூமைத் தொடும் அளவுக்கு இழுங்கள். வயிறு முன்னால் நகரும், பாயின் மேல்பகுதி திறந்து காற்றை வெளியே விடும்.

4. வேங்

பூம் மேலே எழாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு இது. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மெயின்ஷீட்டை (பாயை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் எப்போதும் கையில் வைத்திருக்கும் கயிறு) இழுத்து, பூமின் நுனியிலுள்ள கப்பியும் கீழே டிராவலரிலுள்ள (படகின் பின்புறம் குறுக்கே போகும் கயிறு) கப்பியும் முட்டும்வரை கொண்டுவாருங்கள். அப்புறம் வேங்கில் இருக்கும் தொய்வை மட்டும் எடுங்கள். இதுதான் அடிப்படை அளவு.

மென்காற்றில் இந்த அளவே போதும். ஆனால் மெயின்ஷீட்டைத் தளர்த்தி, கப்பிகளுக்கு இடையே ஒரு சாண் வரை விடுங்கள். முழுதாக இழுத்தால் பின்விளிம்பு மூடிக்கொண்டு படகு நின்றுவிடும்.

பலத்த காற்றில் மெயின்ஷீட்டை முட்ட இழுத்துக்கொண்டு, வேங்கை இன்னும் பலமாக இழுங்கள். பூம் மாஸ்ட்டை முன்னால் தள்ளி வளைக்கும், பாய் தட்டையாகும். திடீரென வேகக்காற்று வந்து ஷீட்டை விட்டால், பூம் மேலே எழாமல் பக்கவாட்டில் போகும்.

இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. முதல் பலத்த காற்று நாளில் வேங்கைத் தளர்த்தாமலேயே மிதவையைச் சுற்றிக் காற்றுப்போக்கில் திரும்பினேன். ஷீட்டை விட்டதும் பூமின் நுனி தண்ணீரில் புதைந்து மாட்டிக்கொண்டது. அதற்குமேல் பூம் வெளியே போகவில்லை, சுக்கானும் கேட்கவில்லை. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள். திரும்புவதற்கு *முன்பே* வேங்கைத் தளர்த்துங்கள்.

5. பின்காற்றில்

இதுவரை சொன்னது காற்றை எதிர்த்துப் போகும்போது. காற்று பின்னாலிருந்து வந்தால் கன்னிங்ஹாமை முழுதாக விடுங்கள், அவுட்ஹாலைச் சற்றுத் தளர்த்துங்கள். வேங்குக்கு, பாயின் மேல்முனையைக் கவனியுங்கள்: வேகக்காற்றில் திறந்து, அது தணிந்ததும் மூட வேண்டும். பலத்த காற்றில் வேங்கை ரொம்பவும் விட்டுவிட்டால் பாயின் மேல்பகுதி அளவுக்கு மீறித் திறந்து, படகு இப்படியும் அப்படியும் உருண்டு, உங்கள் பக்கமே கவிழும்.

6. அடையாளம் வையுங்கள்

சரி, இத்தனையையும் அலையில் ஆடிக்கொண்டே எப்படி நினைவில் வைப்பது? கரையிலேயே ஒவ்வொரு கயிற்றிலும் மூன்று காற்றுக்கும் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கர் மை வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வெளுத்துவிடுகிறது. நான் வண்ண நூலைச் சுற்றித் தைத்துவிடுகிறேன். கை நனைந்திருந்தாலும் விரலுக்குத் தட்டுப்படும்.