நீண்ட தூர இலக்குக்கு உங்கள் தோட்டாவை நீங்களே தயார் செய்ய

முதலில் பவுடரும் (வெடிமருந்து) புல்லட்டும் (தோட்டாவிலிருந்து பறந்து செல்லும் முனை) தயாரிப்பவர்கள் வெளியிடும் லோடு அட்டவணையை, அதாவது எந்தப் புல்லட்டுக்கு எவ்வளவு பவுடர் என்ற பட்டியலை எடுங்கள், ஊர் பேர் தெரியாதவர் எங்கோ எழுதிப்போட்ட அளவை நம்பவே வேண்டாம். அதில் உள்ள ஆரம்ப அளவில் தொடங்கி 0.3 கிரெய்ன் (சுமார் 0.02 கிராம்) போலச் சிறு படிகளாக ஏறுங்கள். சுட்ட பிறகு போல்ட்டை (துப்பாக்கியின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் பாகம்) தூக்கக் கடினமாக இருந்தாலோ பிரைமர் (தோட்டாவின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிப் போனாலோ அழுத்தம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அட்டவணை இன்னும் இடம் கொடுத்தாலும் சரி.

கேஸ்கள் (பவுடரையும் புல்லட்டையும் தாங்கும் உலோகக் கூடுகள்) ஒரே லாட்டாக, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியாக இருக்கட்டும். சுட்ட கேஸை மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவரும்போது ஷோல்டரை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) 0.002 அங்குலத்துக்கு மேல் பின்தள்ளாதீர்கள், கேஸ் நீண்ட நாள் உழைக்கும்.

நூறு கஜத்தில் ஒரே ஓட்டையாக விழும் லோடு ஆயிரம் கஜத்தில் மேலும் கீழுமாகச் சிதறுவதற்குப் பெரும்பாலும் வேக வித்தியாசம்தான் காரணம்: நொடிக்கு 30 அடி மாறினாலே அரை அடிக்கும் மேல் ஏறி இறங்கும். அதனால் குரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது, என்னைக் கேட்டால், வீண்.

பவுடர் அளவு முடிவான பிறகுதான் கேஸுக்குள் புல்லட் அமரும் ஆழத்தை மாற்றிப் பாருங்கள். அப்புறம், மூன்றே குண்டு சுட்டு விழுந்த குரூப்பை (ஓட்டைகளின் கூட்டம்) வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், குறைந்தது பத்து குண்டாவது சுடுங்கள்.