மின்னணு கான்பன்: எத்தனை பின் (பெட்டி), எப்போது ஸ்கேன்

கோவையில் நாளொன்றுக்கு 240 மோனோபிளாக் பம்ப் பூட்டும் ஒரு லைன் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸில் 2,400 இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) கிடந்தால் 10 நாள் சரக்குக்கான பணம் ரேக்கில் முடங்குகிறது. இன்று கடைசலில் வரும் பிழை 10 நாள் கழித்துத்தான் கண்ணில் படும். டீலர் திடீரென்று வேறு மாடல் கேட்டால் பக்கத்து ஆலை முந்திக்கொள்ளும். போட்டியில் தோற்பது அங்கேதான், விலையில் மட்டுமல்ல.

லைன் எடுத்த அளவுக்கு மட்டும் லேத் பிரிவு செய்து தருவதே இழுப்பு முறை. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ 1953-ல் தன் மெஷின் ஷாப்பில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ‘இவ்வளவு வேண்டும்’ என்று முந்தைய பிரிவுக்குச் சொல்லும் அட்டைதான் கான்பன். அட்டைக்குப் பதில் ஸ்கேன் வந்தால் மின்னணு கான்பன், விதி அதேதான்.

முதலில் கணக்கு. நாள் தேவை 240. கேட்டதிலிருந்து ஒரு பின் வந்து சேர 1.5 நாள், பாதுகாப்புக்கு 20%, ஒரு பின்னில் 30. ஆக 240 × 1.5 × 1.2 ÷ 30 = 14.4, அதாவது 15 பின். அந்த 1.5 நாளில் லேத்தில் காத்திருக்கும் நேரம், பேலன்சிங், தள்ளுவண்டி எல்லாம் அடங்க வேண்டும். வெறும் கடைசல் நேரத்தை மட்டும் போட்டுவிட்டுப் பிறகு சாஃப்ட்வேரைத் திட்டுபவர்கள் அதிகம்.

ஒவ்வொரு பின்னுக்கும் தனி எண்ணோடு QR. காகித ஸ்டிக்கர் கூலன்ட் பட்டு ஒரு வாரம்கூடத் தாங்காது. தகட்டில் பொறித்து ரிவெட் அடியுங்கள். பின்னிலிருந்து முதல் இம்பெல்லரை எடுக்கும்போதே ஸ்கேன் செய்ய வேண்டும், காலியான பிறகு அல்ல. சாஃப்ட்வேரில் நிலை மூன்று போதும்: நிறைந்தது, கேட்டாயிற்று, வழியில். ‘நிறைந்தது’ என்றிருக்கும் பின்னை மட்டுமே கேட்க முடியும்படி வையுங்கள். இருமுறை ஸ்கேன் ஆனாலும் இரட்டை ஆர்டர் போகாது.

பெரும்பாலும் கெடுவது ஸ்கேன் பழக்கத்தில்தான். இந்த லைன் மணிக்கு ஒரு பின் தின்கிறது. ஆபரேட்டர் எட்டு பின்னையும் ஷிஃப்ட் முடிவில் சேர்த்து அடித்தால், முதல் பின்னின் செய்தி ஏறக்குறைய ஒரு ஷிஃப்ட் தாமதம். லேத்துக்கோ எட்டும் ஒரே மூச்சில் போய் விழும். ஸ்கேனரை அலுவலக மேசையில் வைக்காதீர்கள், கை எட்டும் ரேக்கிலேயே கட்டுங்கள். ஸ்கேன் செய்ய மறந்துபோன பின்னோ திரையில் நிறைந்தும் தரையில் காலியாகவும் இருக்கும். தினமும் காலையில் 15 பின்னையும் நேரில் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இஆர்பி (ஆலையின் ஆர்டர், சரக்கு, உற்பத்தியை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) இந்த உருப்படிக்குத் தானாக வெளியிடும் வேலை ஆணையை நிறுத்துங்கள். இல்லையென்றால் இழுப்பும், கேட்காமலே செய்து அனுப்பும் தள்ளலும் ஒன்றாக ஓடி ரேக் மறுபடி நிறையும். ரிஜெக்ஷன் ஆனதைப் பின்னில் போட்டு 30 என்று அனுப்பவே கூடாது.

கோடையில் பம்ப் தேவை ஏறும்போது கணக்கை முன்கூட்டியே மாற்றுங்கள். எப்போதாவது கேட்கும் மாடலுக்குக் கான்பன் வேண்டாம், ஆர்டர் வந்தபின் செய்யலாம்.

ஓட்டம் சீரானதும் ஒரு பின்னைக் கழற்றி இரண்டு வாரம் பாருங்கள். லைன் நின்றால் பின்னைத் திருப்பி வைத்துவிட்டு, லேத்தில் டூல் மாற்ற எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து அதைக் குறையுங்கள். பிறகு மறுபடி ஒன்றைக் கழற்றுங்கள்.