பழைய பீட்டிலில் குளிரூட்டும் தகடுகள் காணவில்லையா? தேடிப் பொருத்தும் முறை

ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்மூடியைத் திறந்து எஞ்சினைப் பாருங்கள். அதைச் சுற்றிலும் கறுப்புத் தகடுகள் இடைவெளியின்றி மூடியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் குனிந்து பார்த்தாலும் தரை தெரியக் கூடாது. தெரிந்தால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டிருக்கிறது.

என்னிடம் 1969ஆம் ஆண்டு வண்டி ஒன்று வந்தபோது எனக்கு இது தெரியாது. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தினால் ஆயில் விளக்கு மினுக்கும். கெட்டியான ஆயில் ஊற்றினேன், ஆயில் ஸ்விட்சை மாற்றினேன், டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) சரிபார்த்தேன். குறை இவை எதிலும் இல்லை. முன்பு யாரோ எஞ்சினை இறக்கி ஏற்றியபோது மூன்று தகடுகளைத் திரும்ப மாட்டவில்லை. அவை இல்லாமலும் எஞ்சின் ஓடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. இந்த வண்டியில் வெப்பமானி கிடையாது. எச்சரிக்கை வருவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வோ சிலிண்டர் ஹெட்டோ கெட்டுவிடும்.

காற்று போகும் வழியை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீரும் இல்லை. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்று எஞ்சின் அறைக்குள் வருகிறது. டைனமோவின் தண்டில் பொருத்திய விசிறி அதை இழுத்து, விசிறிக் கூட்டின் வழியாக நான்கு சிலிண்டர்கள் மீதும் கீழ்நோக்கித் தள்ளுகிறது. சூடான காற்று வண்டியின் அடியில் வெளியேறுகிறது. மேலே குளிர், கீழே சூடு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சுவர் அந்தத் தகடுகள். சிலிண்டரை மூடும் தகடு இல்லையென்றால் காற்று ஃபின்களை (வெப்பம் வெளியேற சிலிண்டரைச் சுற்றி இருக்கும் மெல்லிய மடிப்புகளை) தொடாமலே சிதறிப் போகும். அறையின் ஓரத்தில் ஓட்டை இருந்தால், வெளியேறிய சூடான காற்றையும் எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பத்தையும் விசிறி மறுபடி உள்ளே இழுக்கும். ஒரே காற்று மேலும் மேலும் சூடாகிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

முதல் படி: இருட்டில் விளக்குச் சோதனை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு மின்விளக்கைத் தரையில் எஞ்சினுக்கு நேர் கீழே தள்ளி வைத்து, மேலிருந்து பாருங்கள். வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். பெட்ரோல் இருக்கும் இடம் என்பதால் தீச்சுடர் எதுவும் வேண்டாம்.

வெளிச்சம் கசியும் இடமெல்லாம் ஓட்டைதான். சுற்றோரம், ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றி, பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியின் அருகில், இன்டேக் குழாய்க்குச் சூடேற்றும் இரண்டு குழாய்கள் தகட்டைத் துளைத்துப் போகும் இடம் ஆகியவற்றைத் தவறாமல் பாருங்கள். கியர்பாக்ஸ் பக்கத்துத் தகடு விசிறிக் கூட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும்; கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கசிவையும் படமாக வைத்துக்கொண்டால் கடைக்குப் போகும்போது வாய்விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் படி: எது இல்லை என்று கண்டுபிடிப்பது

காற்று போகும் வரிசையிலேயே தேடுங்கள். விசிறிக் கூடு, அதன் கீழே இரு பக்கமும் சிலிண்டர்களை மூடும் பெரிய தகடுகள், கியர்பாக்ஸ் பக்கத்து முன்தகடு, எக்ஸாஸ்டுக்கு மேலே வரும் பின்தகடு, புல்லியைச் சுற்றி வரும் சிறிய தகடு. இவ்வளவும் மேலிருந்து தெரிபவை.

மேலிருந்து தெரியாதவைதான் அதிகமாகத் தொலைகின்றன. சிலிண்டர்களுக்கு அடியில், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டுகள் ஓடும் புஷ்ராட் குழாய்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒரு வளைதகடு இருக்க வேண்டும். மேலிருந்து வரும் காற்றைச் சிலிண்டரின் அடிவயிற்றோடு அணைத்துத் திருப்புவது அதுதான். அது இல்லாவிட்டால் காற்று நேராகக் கீழே விழுந்துவிடும். சிலிண்டரின் கீழ்ப்பாதி குளிராது. அதற்கும் கீழே, சூடான காற்றை வெளியே வழிநடத்தும் தகடு பக்கத்துக்கு ஒன்று.

மூன்றாவது சிலிண்டர் மீது தனிக் கவனம் வேண்டும். இடப்பக்கத்தில் வண்டியின் முன்புறத்தை நோக்கி இருப்பது அது. 1970 வரையிலான மாடல்களில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, இந்தச் சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்கிறது. 1971 மாடலில்தான் ஆயில் கூலரைச் சற்றே வெளியே தள்ளி, அதற்கென்று தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். பழைய வகை உங்களிடம் இருந்தால், ஏற்கெனவே குறைவாகக் காற்று பெறும் சிலிண்டரின் தகட்டில் ஒரு சிறு ஓட்டையைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

மூன்றாம் படி: வாங்குவதும் செய்வதும்

டைனமோவைத் தாங்கும் காலின் அடியில், கிராங்க்கேஸில் (எஞ்சினின் நடுக்கூட்டில்) எஞ்சின் எண் பொறித்திருக்கும். அதைக் குறித்துக்கொண்டுதான் தேடத் தொடங்க வேண்டும். ஹெட்டில் பக்கத்துக்கு ஒரு இன்டேக் துளை உள்ள எஞ்சினுக்கும் இரண்டு உள்ள எஞ்சினுக்கும் சிலிண்டர் தகடுகள் வேறு. கூலர் உள்ளே இருக்கும் கூடும் வெளியே இருக்கும் கூடும் வேறு.

நெளிந்த, துருப்பிடித்த பழைய அசல் தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தட்டி நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, மெல்லிய கறுப்புப் பெயின்ட் பூசினால் போதும். பளபளக்கும் குரோம் தகடுகளில் பல மெல்லியவை. ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது. உள்ளே காற்றைப் பிரித்துவிடும் தடுப்புகள் இல்லாத அலங்கார விசிறிக் கூடுகளையும் தவிருங்கள்.

தட்டையான சிறு துண்டுகளை நீங்களே செய்யலாம். அட்டையில் மாதிரி வெட்டி, இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு தகட்டில் வரைந்து வெட்டுங்கள். ஓரத்தை மடித்துவிட்டால் அதிர்வில் கிழியாது. வளைவும் குழிவும் உள்ள சிலிண்டர் தகடுகளைக் கையால் செய்ய முயல வேண்டாம்.

எக்ஸாஸ்ட் வெப்பத்தால் வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்ட வண்டிகளில், 1963க்குப் பிந்தைய விசிறிக் கூட்டில் இரண்டு குழாய் வாய்கள் சும்மா திறந்திருக்கும். அவற்றையும் மூடுங்கள். சிலிண்டருக்கு வேண்டிய காற்று அங்கே வீணாகிறது.

நான்காம் படி: பொருத்துவது

பின்தகட்டையும் புல்லித் தகட்டையும் வண்டியிலேயே மாட்டலாம். முன்தகட்டுக்கு எஞ்சினை இறக்குவதே நல்லது. அதை வண்டியோடு பிடித்திருப்பது நான்கே போல்ட்டுகள், ஆனால் எடை நூறு கிலோவுக்கு மேல், தனியாக இறக்காதீர்கள். சிலிண்டருக்கு அடியில் வரும் வளைதகட்டுக்கு ஹெட்டையும் புஷ்ராட் குழாய்களையும் கழற்ற வேண்டும். அந்த ஒரு வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

விசிறிக் கூட்டைக் கழற்றியிருந்தால் உள்ளே பாருங்கள். எலிக்கூடு, பஞ்சு, காய்ந்த சருகு எல்லாம் கிடக்கும். ஆயில் கூலரின் இடுக்குகளில் ஆயிலும் தூசியும் சேர்ந்து களிமண்போல் அடைந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

தகடுகளைப் பிடிப்பவை 6 மி.மீ. திருகுகள். கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவை. அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும். எல்லாத் திருகுகளையும் முதலில் விரலால் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, தகடுகளை அசைத்து உட்கார வைத்து, கடைசியில் திருப்புளியால் இறுக்குங்கள். ஒரு துளை நேராக வரவில்லையென்றால் பக்கத்துத் தகட்டைத் தளர்த்துங்கள். துளையை அகலப்படுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: ரப்பர்

தகடெல்லாம் சரியாக இருந்தும் பலர் கோட்டைவிடும் இடம் இது. எஞ்சின் அறையின் ஓரம் முழுவதும் ஓடும் ரப்பர் பட்டையின் பள்ளத்துக்குள் தகட்டின் விளிம்பு நுழைய வேண்டும். காய்ந்து வெடித்த பட்டையை ஒட்டுப் போடாமல் முழுவதுமாக மாற்றுங்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் எளிதாக வழுக்கி உட்காரும். நான்கு பிளக் ஒயர்களிலும் தகட்டுத் துளையை மூடும் வட்ட ரப்பர்கள் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: தெர்மோஸ்டாட்டும் பெல்ட்டும்

வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில், துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருப்பது தெர்மோஸ்டாட். கழற்றி வெந்நீரில் போட்டால் 65 முதல் 70 டிகிரி செல்சியஸில் விரிய வேண்டும். பின்னாளைய மாடல்களில் விசிறிக் கூட்டுக்குள் இருக்கும் கதவுகளை, எஞ்சின் சூடானதும் திறக்கவிடுவது இதுதான். கம்பியால் இணைந்த அந்தக் கதவுகள் சிக்காமல் அசைகின்றனவா என்று கையால் தள்ளிப் பாருங்கள்.

பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 15 மி.மீ. இறங்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் டைனமோ புல்லியின் இரு பாதிகளுக்கும் நடுவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து வெளிப்பக்கம் போடுங்கள். இந்த வண்டியில் டைனமோவின் சிவப்பு விளக்கை அலட்சியம் செய்யவே கூடாது. பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டுமல்ல, விசிறியும் நின்றுவிடும். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் அதே இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இருட்டில் விளக்குச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வெளிச்சம் கசியவில்லையென்றால், ஆயில் அளவுகோலின் இடத்தில் செருகும் வெப்பமானி ஒன்றை வாங்கி மாட்டி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திப் பாருங்கள். 80 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 120ஐத் தொட்டால் ஓட்டத்தை நிறுத்தி, டைமிங், கார்பரேட்டர், ஆயில் கூலர் ஆகியவற்றைப் பாருங்கள். அதிர்வில் தகடுகள் இடம் பிடித்துத் திருகுகள் தளர்ந்திருக்கும் என்பதால், 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை எல்லாவற்றையும் திருப்புளியால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.