மழை அடித்துப்போகாத நாற்று

கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பர் வந்தால் சாயங்கால மழை சும்மா விடாது. செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் தூவிய கீரை விதையை இரண்டு முறை மழை அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது முறை முளைத்ததை நத்தை தின்றது. அப்புறம்தான் முறையை மாற்றினேன்.

மழை மாதங்களில் விதையை நேராக வெளி மண்ணில் போடாதீர்கள். வெண்டை விதையை இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட காகிதக் குவளையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, கூரைக்குக் கீழே வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். ஒரு வாரத்தில் கழுத்தை வளைத்துக்கொண்டு முளை வரும். விதைத்தோல் தொப்பி மாதிரி தலையில் ஒட்டியிருக்கும். பிய்க்க வேண்டாம், தானே விழுந்துவிடும். நான்கு இலை வந்ததும் வேர் கலையாமல் தொட்டிக்கு மாற்றுங்கள். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியில் தட்டு வேண்டாம். தேங்கிய தண்ணீரில்தான் டிங்கிக் கொசு வளரும். 50, 60 நாளில் காய் பறிக்கலாம்.

நத்தைக்கு மருந்து தேவையில்லை. மழை விட்ட இரவில் டார்ச் லைட்டும் கையுறையுமாகப் போய்ப் பொறுக்கிவிடுங்கள்.

வெண்டை காய்க்கும்வரை கீரை வேண்டுமா? சமைத்தது போக மிஞ்சிய காங்கோங் கீரைத் தண்டைத் தண்ணீரில் நிறுத்துங்கள், சில நாளில் கணுவில் வெள்ளை வேர் விடும். அதையே நடலாம்.